வயலில் கிடைத்த காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள்

ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் சொந்த நிலத்தில் மெட்டல் டிடெக்டர் ஓட்டி, கிடைத்ததைப் படம் எடுத்து "இது என்ன?" என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன். வருகிற படங்களில் காசு பளபளக்கிறது. காரியம் கெடுவது அங்கேதான். பூஜைச் சொம்பு துலக்குகிற மாதிரி புளியில் ஊறப்போட்டால் பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். இருநூறு வருஷம் மண்ணில் கிடந்த செம்பில் எழுத்து நிற்பதே அந்தப் படலத்தில்தான். அடியில் இருப்பது அரித்துப்போன உலோகம். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மண்ணை மட்டும் தள்ளுங்கள். காய்ந்தபின் வெளிர்பச்சை மாவு பூத்தால் உள்ளே உப்பு இருக்கிறது என்று அர்த்தம். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய மண்ணில் இது சகஜம். தண்ணீரைத் தினமும் மாற்றி வாரக்கணக்கில் ஊறவைத்து, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

அடுத்து காந்தம். ஒட்டினால் பெரும்பாலும் இரும்பு. 1988-க்குப் பின் வந்த எஃகுக் காசும் ஒட்டும், ஏமாந்துவிடாதீர்கள். ஒட்டாவிட்டால் நகைத் தராசில் நிறுங்கள். பிறகு தராசின்மேல் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, காட்டும் எடையைப் பூஜ்யமாக்கி, பொருளை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க முக்குங்கள். இப்போது காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் அடர்த்தி. ஈயம் 11.3, வெள்ளி 10.5, செம்பு 8.9, அலுமினியம் 2.7. காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் விடை குறைந்து வரும். தட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

உதாரணமாக, 30 மி.மீ. அகலம், 9.3 கிராம், தண்ணீரில் 1.05 என்று வந்தால் செம்பு. ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனிச் சின்னமும் 1803 அல்லது 1808-ம், மறுபக்கம் பாரசீக எழுத்தும் இரண்டு எக்ஸும் தெரிந்தால் அது சென்னை மாகாணத்து 20 காசு, பர்மிங்காமில் அடித்தது. பெரிய வி எழுத்தின் இரு கால்களிலும் ஓ, சி கோத்திருந்தால் டச்சுக் கம்பெனி துட்டு. பழவேற்காட்டில் அவர்கள் கோட்டை கட்டியிருந்தார்கள்.

ஈய உருண்டையில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். நடுவில் துளை இருந்தால் மீன்வலை ஈயம். துளையில்லாமல், சுற்றிலும் வார்ப்புக் கோடு ஓடி, 17 மி.மீ., 30 கிராம் அளவில் இருந்தால் பழைய துப்பாக்கிக் குண்டாக இருக்கலாம். மேலே படிந்த வெள்ளைப் பொடி விஷம், கையைக் கழுவுங்கள்.

கூர்முனை உருளை, செம்பு வளையத்தோடு தெரிந்தால் தொடவே வேண்டாம், வெடிக்காத பீரங்கிக் குண்டாக இருக்கலாம். 1914 செப்டம்பர் 22-ல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டது. தோண்டாமல் விலகி 100-க்குச் சொல்லுங்கள்.

முக்கியமாக வெளிநாடு திரும்புகிறவர்களுக்கு: 100 வருஷம் தாண்டிய பொருள் 1972 சட்டப்படி தொல்பொருள், தனியார் வெளியே கொண்டுபோகக் கூடாது. 1878 புதையல் சட்டப்படி 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எனவே பெட்டியில் வைக்காதீர்கள். இரண்டு பக்கமும் விளிம்பும் பக்கவாட்டு வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த படம், எடை, அடர்த்தி, எத்தனை அங்குல ஆழம் என்பதை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.