கீழ்க்கோத்தகிரி தோட்டக்காரர்களிடம் ஓர் உதவி

உறவுகளே, வணக்கம். நம்மூர்ப் பெண்தான், சென்னைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் முதுகலை படிக்கிறேன். காவல் நிலையக் கணக்கில் ஏறாத சிறு திருட்டுகளே என் ஆய்வு.

சென்ற மாதம் பெரியப்பா தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தில் படர்ந்திருந்த மிளகைக் கொடியோடு அறுத்துப் போய்விட்டார்கள். ஈர மண்ணில் ஏணி ஊன்றிய இரண்டு குழிகள்தான் மிச்சம். "ஐந்து கிலோவுக்கு யாரம்மா ஸ்டேஷன் படியேறுவது?" என்கிறார். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டில் பொருளைத் திருப்பித் தந்தால் சமூக சேவைதான் தண்டனை. அதைச் சொன்னதும் இன்னும் சிரித்தார்!

மிளகோ பச்சைத் தேயிலை மூட்டையோ பறிகொடுத்தவர்கள் அரை மணி நேரம் பேச முடியுமா? புகார் கொடுத்தீர்களா, வழக்குப் பதியாமல் தரும் மனு ரசீதோடு திரும்பினீர்களா, இவ்வளவே கேள்வி. பெயரும் ஊரும் எழுத மாட்டேன். யார் மேல் சந்தேகம் என்றும் கேட்க மாட்டேன். ஞாயிறு மதியம் வீட்டுக்கே வருகிறேன். இங்கே பதில் போட்டால் போதும்.