ஆச்சி வீடு குழு: கடன் வாங்கிக் கழித்தல்

கவிதா, 9:12
சரோஜா அத்தை, நேற்று நிலாவின் பைக்குள் கணக்குத் தாள் நான்காக மடித்துச் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் இருந்தது. 20க்கு 6. கேட்டதும் அழுகை. "எனக்குக் கணக்கே வராதும்மா" என்கிறாள். மூன்றாம் வகுப்பிலேயே இப்படி. விடுமுறைக்கு இங்கே டியூஷனில் சேர்க்கவா? கோயில் கொடைக்கு ஊருக்கு வரும்போது நீங்கள் பார்க்கிறீர்களா?

மீனா, 9:14
ஐயோ பாவம். சாப்பிட்டாளா?

சுந்தரம், 9:15
வாய்ப்பாடு தெரியுமா அவளுக்கு? முதலில் அதைக் கேள்.

சரோஜா, 9:21
தாளைப் படம் எடுத்துப் போடு கவிதா. மதிப்பெண்ணை விடு, கணக்கு தெரிந்தால் போதும்.

கவிதா, 9:24
📷

கணேசன், 9:26
எல்லோரும் கவனிக்கவும். கொடைக்குத் தலைக்கட்டு வரி இந்த வருஷம் குடும்பத்துக்கு 1,500. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

சுந்தரம், 9:27
போன வருஷம் 1,200 தானே?

கணேசன், 9:27
பந்தல்காரர் கூட்டிவிட்டார்.

சரோஜா, 9:40
பார்த்தேன். 52இல் 27 போனால் 35 என்று எழுதியிருக்கிறாள். 64இல் 38 போனால் 34. 71இல் 46 போனால் 35. மூன்றிலும் ஒரே தப்பு. இரண்டிலிருந்து ஏழு போகாது என்று தெரிந்திருக்கிறது, அதனால் ஏழிலிருந்து இரண்டை எடுத்துவிட்டாள். சிவப்பு மையில் "கவனக்குறைவு" என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் இது கவனக்குறைவு இல்லை. தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டு கடைசி வரை அதன்படியே போட்டிருக்கிறாள். அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபம். அவளிடம் "தப்பு" என்று சொல்லாமல், "இந்த 35 எப்படி வந்தது, எனக்குச் சொல்லேன்" என்று மட்டும் கேள். கேட்டுவிட்டுப் பேசாமல் இரு. மனதுக்குள் பத்து வரை எண்ணு. பதிலுக்கு அவசரப்படுத்தினால் வாயை மூடிக்கொள்வாள்.

கவிதா, 9:43
நேற்று நானே சொல்லிக்கொடுத்தேன் அத்தை. பக்கத்து வீட்டில் கடன் வாங்கு என்றேன். "எப்போது திருப்பிக் கொடுப்போம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

சுந்தரம், 9:44
சரியான கேள்வி. வாங்கினால் கொடுக்க வேண்டும்.

கணேசன், 9:46
கிணற்று மோட்டார் பணத்தைச் சொல்கிறீர்களா அண்ணே?

சுந்தரம், 9:46
நான் யாரையும் சொல்லவில்லை.

மீனா, 9:47
கார் நெல் அறுப்பு முடியட்டும் அத்தான். குழுவில் வேண்டாமே.

பாலா, 9:48
😶

சரோஜா, 10:05
கணக்குக்கு வருவோம். அந்தக் கடன் என்ற சொல்தான் பிள்ளையைக் குழப்புகிறது. அங்கே யாரும் கடன் வாங்கவில்லை. புத்தகத்தில் இனமாற்றம் என்று போட்டிருப்பார்கள், அதுதான் சரி. ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாக ரப்பர் போட்டுக் கட்டினால் 52 என்பது ஐந்து கட்டு, உதிரி இரண்டு. அதிலிருந்து 27 எடுக்கச் சொன்னால் பிள்ளை கையில் இரண்டு உதிரியை வைத்துக்கொண்டு முழிக்கும். நாம் ஒன்றும் சொல்லக் கூடாது. கொஞ்ச நேரத்தில் அதுவே ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றும். இப்போது கட்டு நான்கு, உதிரி பன்னிரண்டு. மொத்தம் அதே 52. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து, நான்கு கட்டில் இரண்டு போனால் இரண்டு. 25. ரப்பரைக் கழற்றுகிற அந்த நொடி அவள் கையால் நடக்க வேண்டும். நாம் கழற்றிக் காட்டினால் எல்லாம் வீண்.

2007இல் செயல்வழிக் கற்றல் அட்டைகள் எங்கள் பள்ளிக்கு வந்தபோது எனக்கே நம்பிக்கை இல்லை. சுவரோரம் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்கள், தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். முழங்கால் வலியோடு உட்கார்ந்த பிறகுதான் எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் இருபது வருஷம் பலகையைப் பார்த்தே பாடம் நடத்தியிருக்கிறேன்.

மீனா, 10:07
எத்தனை ஈர்க்குச்சி மைனி?

சரோஜா, 10:08
நூறு.

பாலா, 10:10
ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். விளக்குமாற்றில் கை வைக்கக் கூடாதாம். ஓலை கிழித்துத் தருகிறார்களாம்.

சுந்தரம், 10:15
குச்சி எல்லாம் சரி. 16ஆம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் இல்லாமல் கணக்கு வராது. நாங்கள் எல்லாம் திண்ணையில் உட்கார்ந்து அப்படித்தான் படித்தோம்.

கணேசன், 10:22
அண்ணே, அந்தத் திண்ணையில் எட்டு ஏழு எவ்வளவு என்று கேட்டு என் தலையில் குட்டினீர்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. இன்றைக்கும் கடையில் யாராவது 56 ரூபாய் என்றால் ஒரு நொடி எனக்குப் பேச்சு வராது. உரக்கடைச் சிட்டையை மீனாதான் கூட்டுகிறாள். குறையாகச் சொல்லவில்லை. நிலாவுக்கு அது வேண்டாம்.

மீனா, 10:23
🙏

பாலா, 10:24
மாமா, இதை நீங்கள் சொல்லிக் கேட்டதே இல்லை.

சரோஜா, 10:31
கணேசா, எனக்கும் நினைவிருக்கிறது. நான் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்டேன்.
அண்ணே, வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஐந்தும் பத்தும் முதலில், அப்புறம் இரண்டு, நான்கு, எட்டு. நான்கின் வாய்ப்பாட்டை இரட்டித்தால் எட்டு என்று அவளே கண்டுபிடிக்கட்டும். நான்கு ஏழு 28, அது இரண்டு மடங்கானால் 56. மறந்து போனாலும் திரும்பிப் போக ஒரு வழி இருக்கும்.

கவிதா, 10:34
எனக்கும் கணக்கு வராது அத்தை, அதுதான் பயமாக இருக்கிறது.

சரோஜா, 10:35
இந்த வார்த்தையை அவள் காதுபடச் சொல்லாதே. பிள்ளைகள் இதை அப்படியே பிடித்துக்கொள்ளும். "கெட்டிக்காரி" என்று புகழவும் வேண்டாம். "நீ ரப்பரைக் கழற்றியது நல்ல யோசனை" என்று, செய்ததைச் சொல்லிப் பாராட்டு.

பாலா, 10:41
ஆச்சி ஒன்று சொல்கிறார்கள். மோர் விற்ற காலத்தில் 27 ரூபாய்க்கு வாங்கிவிட்டு 50 கொடுத்தால் கழிக்கவே மாட்டார்களாம். 27, மூன்று சேர்த்தால் 30, இருபது சேர்த்தால் 50, ஆக 23 என்று கையில் எண்ணி வைத்துவிடுவார்களாம். கடன் எதற்கு என்கிறார்கள்.

சரோஜா, 10:44
அம்மா பள்ளிக்கூடப் படி ஏறியதில்லை, ஆனால் இதுதான் நல்ல கணக்கு. மூன்றாம் நாள் பாடத்தை அம்மாவே நடத்தட்டும். நிலா மோர் வாங்க வரட்டும், சில்லறையை அவளே எண்ணி வாங்கட்டும்.

கவிதா, 10:46
எத்தனை நாள் அத்தை? தினமும் எவ்வளவு நேரம்?

சரோஜா, 10:58
பத்து நாள், காலையில் முக்கால் மணி நேரம். அகிலனும் சுதனும் கூட உட்காரட்டும், தனியாக உட்கார வைத்தால் தண்டனை போலிருக்கும். முதல் நாள் நோட்டே கிடையாது. பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. மொத்தம் எத்தனை இருக்கும் என்று முதலில் ஆளுக்கு ஒரு குத்துமதிப்பு சொல்ல வேண்டும், அப்புறம்தான் எண்ண வேண்டும். குத்துமதிப்பில் தப்பே இல்லை, அதனால் நிலா வாயைத் திறப்பாள். எனக்கு அது போதும். இரண்டாம் நாள் குச்சிக்கட்டு. நடுவில் ஒரு நாள் 24 அதிரசம், தாம்பாளத்தில் எத்தனை விதமாகச் சம வரிசையில் அடுக்கலாம் என்று. ஒரே விடை உள்ள கேள்வியில் முந்திச் சொல்லும் பிள்ளை மட்டும்தான் ஜெயிக்கும். இதில் சுதன் ஒரு விதம் சொல்வான், அகிலன் இரண்டு சொல்வான், நிலா தாம்பாளத்தைத் திருப்பிப் பார்ப்பாள். இன்னொரு நாள் நான் விடையை மட்டும் சொல்வேன், 25 என்று. கேள்வியை அவர்கள் உண்டாக்க வேண்டும். கடைசி மூன்று நாள் என்ன செய்வது என்று இப்போது எழுதப் போவதில்லை. அவளைப் பார்த்த பிறகுதான்.

மீனா, 10:59
அதிரசத்துக்குப் பாகு யார் வைப்பது? போன தடவை மாவு உதிர்ந்துவிட்டது.

கணேசன், 11:00
உன்னால் இல்லை, வெல்லம் சரியில்லை.

சுந்தரம், 11:06
பத்தாம் நாள் ஒரு பரீட்சை வை சரோஜா. முன்னேற்றம் தெரிய வேண்டாமா?

சரோஜா, 11:07
பரீட்சை கிடையாது அண்ணே. அதே 52, 27 கணக்கை அவள் உங்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். நீங்கள் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டும்.

சுந்தரம், 11:15
பார்க்கலாம்.

கவிதா, 11:17
டியூஷனுக்கு முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கவா, வேண்டாமா?

சுந்தரம், 11:17
கொடு.

சரோஜா, 11:18
பொறு.

கணேசன், 11:20
தலைக்கட்டு வரி யாரும் பதில் சொல்லவில்லை.

சுந்தரம், 11:22
உன் பங்கையும் நானே கட்டிவிடுகிறேன். திண்ணையில் நடந்ததை ஊருக்கு வந்து பேசுவோம்.

கணேசன், 11:29
சரி அண்ணே. ஆனால் வரி என் பங்கு நானே கட்டுகிறேன்.

கவிதா, 11:34
நெல்லை ரயிலில் செவ்வாய்க்கிழமைக்குக் காத்திருப்புப் பட்டியலில் 14ஆவது. நேற்று 31ஆக இருந்தது. எத்தனை பேர் குறைந்திருக்கிறார்கள் என்று நிலாவிடம் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிறேன் அத்தை. விரலை மடக்கிக்கொண்டிருக்கிறாள்.

சரோஜா, 11:35
நீ சொல்லிவிடாதே.

மீனா, 11:41
பாகு விஷயம் என்ன ஆயிற்று?