போர்ட்டபிள் லேடருக்கு ஒரு சொல், திங்கட்கிழமைக்குள்

எழுதியவர்: பயிற்சித் தாளை மொழிபெயர்ப்பவர்

குழுமத்தாருக்கு வணக்கம்.

வேலையிடத்தில் ஏணியைப் பாதுகாப்பாகக் கையாள்வது பற்றிய எட்டுப் பக்கப் பயிற்சித் தாளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மூலம் அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகளை ஒட்டியது. திங்கட்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. வாசிக்கப்போகிறவர்கள் மின்வேலை, பெயிண்ட் வேலை, கிடங்கு வேலை செய்கிறவர்கள்.

தலைப்பிலேயே மாட்டிக்கொண்டேன். 'போர்ட்டபிள் லேடர்' என்பதற்கு, அதாவது எடுத்துப்போய் வைக்கும் ஏணிக்கு, முதலில் 'கையடக்க ஏணி' என்று போட்டிருந்தேன். வரைவைப் படித்துப் பார்த்த பெயிண்டர் ஒருவர், "இது பைக்குள்ள வைக்கிற ஏணிங்களா?" என்றார். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கையில் அடங்குவதுதானே கையடக்கம்? 6 மீட்டர் ஏணி யார் கையில் அடங்கும்? அடித்துவிட்டேன்.

அடுத்து 'நகரும் ஏணி'. மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது "நகரும் ஏணி நகராதபடி கால்களை ஊன்றுங்கள்" என்று ஒரு வாக்கியம் அமைந்துவிட்டது. ஏணி நகர்ந்துவிடக் கூடாது என்பதுதான் தாளின் பாதி. அதன் பெயரிலேயே நகர்வு இருந்தால் எப்படி?

இன்னொன்றும் வேண்டும். ஏணியின் 'ரங்', அதாவது கால் வைக்கும் குறுக்குத் துண்டு. படி என்றே விடலாமா?


எழுதியவர்: பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

அன்புள்ள ஐயா,

நல்ல கேள்வி. சொல்லின் வேரிலிருந்து வருவோம். ஏண் என்றால் உயர்ச்சி, வலிமை, நிலைபேறு. ஏண் என்பதோடு இகர ஈறு சேர்ந்து ஏணி. ஏறு, ஏந்து, ஏற்றம் எல்லாம் மேல்நோக்கிய 'ஏ' என்னும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. தொலைவைக் குறிக்கும் சேண் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். உயரத்தில் இருப்பது தொலைவில் இருப்பதுதானே?

ஏணிக்கு எல்லை என்றும் பொருள் உண்டு. புறநானூறு 35 "நளியிரு முந்நீர் ஏணி யாக" என்று தொடங்குகிறது. கடலை எல்லையாகக் கொண்ட நிலம். ஏறுகிறவனுக்கு ஏணியின் உச்சிதான் எல்லை, அதற்குமேல் கால் வைக்க இடமில்லை. இரண்டு பொருளும் ஒரு சொல்லில் வந்து அமர்ந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

என் பரிந்துரை 'பெயரேணி'. பெயர்தல் இடம் மாறுதல். பெயர்ந்த, பெயர்கின்ற, பெயரும் ஏணி, வினைத்தொகை. ரங் என்பதற்குப் புதுச்சொல் எதுவும் படைக்க வேண்டாம், நம்மிடமே இருக்கிறது: பழு. அகராதியில் ஏணிப்பழு என்றே காணலாம். பழுவெலும்பு என்றால் விலா எலும்பு. ஏணியைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள், இரண்டு பக்கச் சட்டத்துக்கும் நடுவே வரிசையாக விலா எலும்புகள். இவ்வளவு அழகான சொல்லைக் கைவிட்டுவிட்டுப் படி என்று எழுத எனக்கு மனம் வராது.


எழுதியவர்: பணியிடப் பாதுகாப்புப் பயிற்றுநர்

ஐயா சொன்ன விலா எலும்பு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் பெயரேணியை என் வகுப்பில் வைக்க முடியாது. பெயர் என்றதும் ஆட்களுக்கு முதலில் நினைவு வருவது அவரவர் பெயர். அதைத் தாண்டினால் சுவரில் காரை பெயர்வது, ஓடு பெயர்வது. பெயர்ந்தால் விழும். ஏறப்போகிறவர் காதில் அந்தச் சொல் விழக் கூடாது.

பொருளை ஒருமுறை தெளிவாக்கிக்கொள்வோம். கட்டடத்தோடோ இயந்திரத்தோடோ நிலையாகப் பொருத்தியது ஒன்று. சக்கரம் வைத்து உருட்டிக்கொண்டு போவது இன்னொன்று, அதற்குத் தனி விதிகள். நாம் பேசுவது மூன்றாவது: எளிதில் எடுத்துப்போய் வேண்டிய இடத்தில் வைக்கக்கூடியது. சுவரில் சாத்துவதும் இதில் அடக்கம், விரித்து நிறுத்தும் மடக்கேணியும் அடக்கம். 'நகரும் ஏணி' என்று எழுதினால் சக்கரம் வைத்ததுதான் நினைவுக்கு வரும். ஆக அது இரண்டு விதத்தில் தவறு.

என்னைக் கேட்டால் அடைமொழியே வேண்டாம். ஏணி என்றாலே நாம் மனத்தில் காண்பது தோளில் தூக்கிப் போவதைத்தான். அடைமொழி தேவைப்படுவது மற்ற இரண்டுக்கு: நிலையேணி, உருளேணி. இதை 'ஏணி' என்று விட்டுவிடலாம்.


எழுதியவர்: சங்க இலக்கிய வாசகர்

ஏணியைப் பற்றிப் பேச்சு வந்த பிறகு மால்பைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மலையில் தேன் எடுக்கிறவர்கள் மூங்கிலை நட்டு, அதன் கணுவில் கால் வைத்து ஏறுவார்கள். அதுதான் மால்பு. உரைகள் கண்ணேணி என்கின்றன. மலைபடுகடாத்தில் குரங்குகூட ஏற மாட்டாத மலையில் தேன் எடுக்க மால்பே வழியாகிறது.

குறுந்தொகை 273ஐ எடுத்துப் பாருங்கள்: "முதுமால்பு அறியாது ஏறிய மடவோன் போல". பெருந்தேன் இருக்கும் மலையில், பழைய ஏணி என்று அறியாமல் ஏறியவன். ஏறும்முன் சோதித்துப் பார் என்பதை இதைவிடச் சுருக்கமாக யார் சொல்லிவிட முடியும்? காதலைப் பற்றிய பாட்டில் இந்த உவமை வர வேண்டுமென்றால், பழைய மால்பில் ஏறி விழுந்தவர்களைக் கேட்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

எனவே போர்ட்டபிள் லேடருக்கு 'மால்பு' என்பதையே மீட்டெடுக்கலாம் என்று முன்மொழிகிறேன்.


எழுதியவர்: பயிற்சித் தாளை மொழிபெயர்ப்பவர்

குறுந்தொகை வரியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மிக்க நன்றி. ஆனால் மால்பு என்று தாளில் போட்டால் அடுத்த வரியிலேயே அதற்குப் பொருள் எழுத வேண்டும். அந்த இடத்தில் எனக்கு வேறொரு எச்சரிக்கை போக வேண்டியிருக்கிறது.

வெறும் 'ஏணி' போதும் என்ற யோசனை பல பக்கங்களில் சரியாக வருகிறது. தலைப்பிலும், வரையறையிலும், நிலையேணியோடு ஒப்பிடும் அட்டவணையிலும் மட்டும் உதைக்கிறது. அந்த மூன்று இடத்துக்கு ஒரு பெயர் இல்லாமல் முடியாது. இன்று வெள்ளி.


எழுதியவர்: மென்பொருள் தமிழாக்கத்தில் இருப்பவர்

'கையேணி' என்று வைத்துப் பாருங்கள்.

கைவண்டி, கைவிளக்கு, கைப்பெட்டி, கைபேசி எல்லாம் எளிதாக வழக்கில் நிற்கின்றன. ஆளே கையால் எடுத்தாள்வது என்ற பொருள் கேட்டவுடன் கிடைக்கிறது. புணர்ச்சியிலும் சிக்கல் இல்லை: கை + ஏணி, ஐகாரத்துக்குப் பின் யகர உடம்படுமெய். மூன்றே எழுத்து. அட்டவணைக் கட்டத்தில் அடங்கும். 'எடுத்துச்செல்லத்தக்க ஏணி' என்று எழுதினால் கட்டத்தை உடைத்துக்கொண்டு வெளியே போகும். இது அழகுப் பிரச்சினை இல்லை, உடைந்த சொல்லை அவசரத்தில் யாரும் படிப்பதில்லை.


எழுதியவர்: பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

கை என்னும் முன்னொட்டுக்குச் சிறுமைப் பொருள் உண்டு என்பதை நண்பர் கவனிக்க வேண்டும். கைக்குட்டை, கைவாய்க்கால். கையேணி என்றால் சிற்றேணி என்று கொள்ள இடம் இருக்கிறது. பெயிண்டர் 'கையடக்க' என்பதைப் பார்த்துக் கேட்ட அதே கேள்வி திரும்பவும் வரும். கைப்பிடி உள்ள ஏணி என்றும் கொள்வார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "ஆட்களுக்குப் புரியாது" என்று ஒவ்வொரு முறையும் நல்ல சொல்லை ஒதுக்கிக்கொண்டே போனால், அவர்களுக்குப் புரியும் சொற்கள் குறைந்துகொண்டேதான் போகும். மின்சாரம் என்ற சொல்லும் ஒரு காலத்தில் யாருக்கும் புரியாத சொல்தான். சொல் நுழைவதற்கு ஒரு வாசல் வேண்டும். இந்தத் தாள் ஏன் அந்த வாசலாக இருக்கக் கூடாது?


எழுதியவர்: பணியிடப் பாதுகாப்புப் பயிற்றுநர்

ஐயா, உங்கள் கவலை எனக்கும் உண்டு. ஆனால் என் தொழிலில் ஒரு சொல் புரியாமல் போவதற்கு விலை வேறு. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

முன்பு நான் போன ஒரு வேலையிடத்தில் பச்சை பெயிண்ட் அடித்த மர ஏணி ஒன்று இருந்தது. பளபளவென்று புதிது போல. இரண்டாம் படிக்குக் கீழே நகத்தால் கீறிப் பார்த்தேன். பெயிண்ட் தோல்போல உரிந்து வந்தது. அடியில், பக்கச் சட்டத்தின் நீளவாக்கில் ஒரு வெடிப்பு, ஓர் ஆணியில் தொடங்கி அடுத்த ஆணிவரை ஓடியிருந்தது. நகம் உள்ளே போனது. அன்று காலை ஷிப்டில் இரண்டு பேர் அதில் ஏறி இறங்கியிருக்கிறார்கள். மர ஏணியில் குறையை மறைக்கும் பூச்சு எதையும் பூசக் கூடாது என்று விதி இருப்பது இதற்காகத்தான். நீங்கள் காட்டிய முதுமால்பு அதுதான், ஆனால் புதிது போல வேடம் போட்டிருந்தது. ஒவ்வொரு ஷிப்டிலும் முதலில் ஏறுவதற்குமுன் பார்க்க வேண்டும். குறை இருந்தால் உடனே 'ஆபத்து, பயன்படுத்தாதே' என்று சீட்டுக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

அந்தச் சீட்டில் எழுதுவதை யோசியுங்கள். பழு உடைந்தால் "பழு பழுது" என்று எழுத வேண்டிவரும். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒரே சொல்லை இரண்டு முறை எழுதியதுபோல் தெரியும். "படி உடைந்தது" என்றால் முடிந்தது.

படி என்பது தட்டையானதுக்கு, ரங் உருளைக்கு, இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லக்கூடும். ஓஷா விதியே இரண்டையும், சட்டம் அடித்த மர ஏணியின் குறுக்குக் கட்டையையும், ஒரே வரையறையில் சேர்த்துச் சொல்கிறது: ஏறவும் இறங்கவும் கால் வைக்கும் குறுக்குத் துண்டு. இடைவெளி அளவும் பொதுவாக ஒன்றே, 25 செ.மீ. முதல் 36 செ.மீ. வரை.

படியில் எனக்குள்ள சிக்கல் வேறு. மடக்கேணியின் தலைத்தட்டிலும் அதற்கு அடுத்த மேல்படியிலும் நிற்கக் கூடாது. வரைவில் அது "மேற்படியில் நிற்காதீர்கள்" என்று வந்திருக்கிறது. புணர்ச்சி சரிதான். ஆனால் மேற்படி என்றால் 'மேலே சொன்ன'. விண்ணப்பம் எழுதிப் பழகிய கண்ணுக்கு அது அப்படித்தான் படும். மேலே சொன்ன எதில் நிற்கக் கூடாது என்று தேடுவார்கள்.


எழுதியவர்: மென்பொருள் தமிழாக்கத்தில் இருப்பவர்

'உச்சிப்படி' என்று போடலாமே.


எழுதியவர்: சங்க இலக்கிய வாசகர்

உச்சிப்படி நன்று. மால்பை விட்டுவிடுகிறேன். ஆனால் ஏணியைச் சாத்தும் கோணத்துக்கு 'சரிவு' என்று நான்காம் பக்கத்தில் இருப்பதை மாற்றுங்கள். சரிந்தால் விழும். அது 'சாய்வு'.


எழுதியவர்: பணியிடப் பாதுகாப்புப் பயிற்றுநர்

ஆமாம், சாய்வு. அதோடு அங்கே இருக்கும் '75 பாகை' என்பதைப் பின்னால் தள்ளி, 'நாலுக்கு ஒன்று' என்பதை முன்னால் வையுங்கள். பாகைமானியை யாரும் இடுப்பில் செருகிக்கொண்டு வருவதில்லை. ஏணியின் அடியிலிருந்து அது மேலே சாய்ந்திருக்கும் புள்ளிவரை ஏணியோடு 4 மீட்டர் என்றால், அடிக்கால் சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். அளக்க எதுவும் இல்லையா? கால் விரலை ஏணியின் அடியில் முட்டவைத்து நிமிர்ந்து நின்று கையை நேராக நீட்டட்டும். உள்ளங்கை தோள் உயரத்தில் படியைத் தொட்டால் ஏறக்குறைய சரி. இந்த ஒரு பத்திக்காகவே இந்தத் தாள் வேண்டும் என்று நினைக்கிறேன்.

மாடிக்கு ஏறி இறங்க வைத்த ஏணி, இறங்கும் தளத்துக்கு மேலே 90 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் படத்தோடு போடுங்கள்.


எழுதியவர்: பயிற்சித் தாளை மொழிபெயர்ப்பவர்

ஞாயிறு இரவு. இதுவரை வந்த மடல்களையும் தனியாக எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்ததில் கையேணிக்கு ஒன்பது பேர், வெறும் ஏணிக்கு ஐந்து பேர், பெயரேணிக்கு இரண்டு பேர். பாதிப்பேர் "எதையாவது வைத்து முடியுங்கள்" என்ற குரலில்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அதே அசதி.

தலைப்பிலும் வரையறையிலும் அட்டவணையிலும் கையேணி. மற்ற இடங்களில் ஏணி. பொருத்தியது நிலையேணி. விரித்து நிறுத்துவது மடக்கேணி. "உயிர்வரின் உக்குறள் மெய்விட் டோடும்" என்று நன்னூல் சொன்னபடி, மடக்கு + ஏணி என்பதைச் சேர்த்தே எழுதுகிறேன். கால் வைப்பது படி, மேலே இருப்பது உச்சிப்படி. மூன்று இடத்தில் பிடி என்பதை 'இரு காலும் ஒரு கையும், அல்லது இரு கையும் ஒரு காலும்' என்று விரித்தே எழுதிவிட்டேன். மும்முனைத் தொடர்பு என்று எழுதினால் அது தொலைபேசிக்குரிய சொல்லாகிவிடுகிறது. ஐந்தாம் பக்கத்தில், ஏறும்முன் சோதிக்கும் பகுதிக்குப் பக்கத்தில் ஒரு சிறு இடம் காலியாக இருந்தது. அங்கே முதுமால்பு வரியும் கீழே ஒரு வரிப் பொருளும்.

ஆசிரியர் ஐயாவிடம் பழுவுக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.


எழுதியவர்: பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

மன்னிப்பெல்லாம் எதற்கு ஐயா. முதுமால்பு அச்சேறுகிறது, அது போதும்.

பழு பற்றி என் கருத்து மாறவில்லை. 'பழு பழுது' என்பது எழுதுகிறவர் பிழை, சொல்லின் பிழையன்று. "பழு உடைந்தது" என்று எழுதியிருக்கலாம். அடுத்த பதிப்பில் படங்களுக்குக் கீழே உறுப்புகளின் பெயர் போடுவீர்களானால், படி என்பதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் பழு என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள். மடக்கேணியின் இரு கால்களையும் விரித்துப் பூட்டும் அந்த இரும்புக் கொண்டிக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? வரைவில் அதை மட்டும் காணோம்.