நீண்ட கார் பயணம்: வெளியே பார்த்து விளையாடுவதா, கையில் திரையா?

பின்சீட்டு ராணி:
அடுத்த வாரம் எட்டு மணி நேரக் கார் பயணம், பிள்ளைகளுக்கு ஆறும் பத்தும் வயது. போன் கொடுக்காமல், சிவப்பு லாரி, பாலம், ஒன்பதில் முடிகிற வண்டி எண் என்று எதையாவது சொல்லி முதலில் பார்த்தவருக்கு ஒரு புள்ளி கொடுத்தே ஓட்டிவிடலாம் என்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள். நடக்கிற காரியமா?

ஸ்டியரிங்:
நடக்காது. கொஞ்ச நேரம் நன்றாகப் போகும், அப்புறம் "நான்தான் முதலில் பார்த்தேன்" என்று சண்டை வரும், தீர்ப்பு சொல்ல வேண்டியது வண்டி ஓட்டுகிறவர். 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் போகிறது. யார் சொன்னது சரி என்று இரண்டு நொடி திரும்பினால், 50 மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய மாதிரி. டேப்லெட்டும் ஹெட்போனும் கொடுத்தால் வண்டி அமைதியாக இருக்கும், இதில் என்ன தப்பு?

ஜன்னலோரம்:
என்ன தப்பு என்று பின்சீட்டில் வாந்தி துடைத்தவர்களைக் கேளுங்கள் சார். வண்டி ஆடுகிறது, திரும்புகிறது என்று உள்காது சொல்லும். திரையையே பார்க்கிற கண்ணோ எதுவும் அசையவில்லை என்று சொல்லும். இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது, அதுவும் இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அதிகம். ஓட்டுகிற உங்களுக்கு அவ்வளவாக வராது, ஏனென்றால் அடுத்த வளைவு எப்போது என்று உங்களுக்கு முன்பே தெரியும்.

ஸ்டியரிங்:
சரி, பக்கத்து ஜன்னலில் பறக்கிற வண்டி எண்களைத் துரத்தித் துரத்திப் படித்தால் மட்டும் தலை சுற்றாதா?

ஜன்னலோரம்:
சுற்றும், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் எதைத் தேடச் சொல்கிறோம் என்பது முக்கியம். செல்போன் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, மலை, காற்றாலை, மேம்பாலம் என்று தூரத்தில், முடிந்தவரை முன்பக்கம் தெரிவதாக வையுங்கள். கிட்ட இருப்பது சட்டென்று ஓடிவிடும், தூரத்தில் இருப்பது நிதானமாக நகரும், கண்ணுக்கும் அதுதான் சுகம். வண்டி எண் வேண்டுமென்றால் முன்னால் போகிற வண்டியின் எண்களைக் கூட்டச் சொல்லுங்கள், பத்து வயதுக்கு அது சரியாக இருக்கும். படம் போட்ட அட்டையில் டிக் அடிக்கிற விளையாட்டு மட்டும் வேண்டாம், அதற்கும் குனிந்துகொண்டுதானே இருக்க வேண்டும்.

பச்சையா சிவப்பா:
நிறத்தை மட்டும் வைத்துப் போட்டி வைக்காதீர்கள். சிவப்பு, பச்சை பிரித்துத் தெரியாத ஆட்களில் நானும் ஒருவன். அந்தக் குறை எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பெண்களைவிட ஆண்களிடம் பல மடங்கு அதிகம். சின்ன வயதில் இந்த விளையாட்டில் எப்போதும் தோற்பேன், கவனமில்லாத பையன் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

பழைய வண்டி:
கிடைக்காத பொருளையும் தேடச் சொல்லாதீர்கள். பீட்டில் காரைப் பார்த்ததும் பக்கத்தில் இருப்பவரைக் குத்துகிற விளையாட்டு ஒன்று உண்டு. அந்தப் பழைய கார் இரண்டு கோடிக்கு மேல் தயாரானதால்தான் அது நடந்தது. 2003இல் மெக்சிகோவில் அதன் கடைசி வண்டி வந்தது, பிறகு வந்த புது வடிவமும் 2019இல் நின்றுவிட்டது. இன்று அதை வைத்து விளையாடினால் ஊர் போய்ச் சேரும்வரை ஒருவரும் அடி வாங்க மாட்டார்கள், அதுவும் நல்லதுதான்.

சும்மா இரு:
எட்டு மணி நேரமும் நீங்களே வேடிக்கை காட்ட வேண்டுமா? கொஞ்ச நேரம் சலித்துப்போகட்டுமே. தானாகவே எதையாவது எண்ண ஆரம்பிப்பார்கள், புள்ளி, பரிசு எதுவும் தேவைப்படாது.

ஸ்டியரிங்:
சலித்த பிள்ளை எதையும் எண்ணாது, முன்சீட்டை உதைக்கும். அது போகட்டும், இருட்டிய பிறகு மலையையும் தண்ணீர்த் தொட்டியையும் எங்கே தேடுவது?

ஜன்னலோரம்:
இருட்டினால் ஒலிக்கதை போடுங்கள், அதைக் கேட்கக் குனிய வேண்டியதில்லை. நடுவர் வேலையை முன்சீட்டில் உங்கள் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். வண்டி நெரிசலில் நுழைந்தாலோ மழை பிடித்தாலோ ஆட்டம் நின்றுவிடும் என்று கிளம்பும்போதே சொல்லிவிட வேண்டும்.

ஸ்டியரிங்:
இவ்வளவு சட்டத்துக்கு டேப்லெட்டே சுலபம். என் பையில் ஒன்று இருக்கும்.

ஜன்னலோரம்:
கூடவே ஒரு பிளாஸ்டிக் பையும் வைத்துக்கொள்ளுங்கள் சார்.