புதுப்பிப்பு: மழையில் ஒட்டிக்கொண்ட பியானோ கட்டைகள்

சென்னையில் எங்கள் வீட்டு அப்ரைட் பியானோவில் சில கட்டைகள் அழுத்தினால் மேலே எழும்புவதில்லை, சுருதியும் இறங்கிவிட்டது என்று முன்பு எழுதியிருந்தேன். பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் ட்யூனர் வந்து பார்த்துவிட்டார்.

ஸ்பிரிங் போயிருக்கும் என்று சிலர் சொன்னீர்கள். அது இல்லை. கட்டையின் துளைக்குள் ஒட்டியிருக்கும் சிவப்புக் கம்பளித் துணி ஈரத்தில் உப்பி, நடுவிலுள்ள உலோக ஊசியை இறுக்கிப் பிடித்திருக்கிறது. கட்டையை உருவி, தட்டை வாய் இடுக்கியால் அந்தத் துணியை லேசாக அமுக்கினார். அவ்வளவுதான், கட்டை பழையபடி துள்ளியது. தயவுசெய்து யாரும் அங்கே எண்ணெய் விடாதீர்கள்; துணி ஊறிக் கெட்டுப்போகும், மரத்திலும் இறங்கும்.

சுருதி வேறு கதை. 440 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய 'ஏ' என்ற சுரம் 427-க்கு வந்திருந்தது. பல வருஷம் ட்யூன் செய்யாத பியானோ. இருநூறுக்கும் மேற்பட்ட கம்பிகளை இழுக்கும்போது சட்டத்தின் மேல் பாரம் கூடி, முதலில் ஏற்றியவை மறுபடி இறங்கும். அதனால் இப்போது தோராயமாக ஏற்றியிருக்கிறார்; சில வாரம் கழித்துத்தான் நுணுக்கமான ட்யூனிங். இரண்டு முறைக்கும் காசு கேட்பது நியாயமே.

கம்பிகளைச் சுற்றி முறுக்கும் உலோக முளைகளில் இரண்டு மட்டும் மரத்தில் பிடிப்பில்லாமல் சுழல்கின்றன. அடுத்த முறை சற்றே பருமனான முளைகள் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.