கருவாட்டுப் பெட்டிக்கு ஸ்ட்ரெச் ரோல் தேவையா? கயிறும் தார்ப்பாயும் போதாதா?

மண்டபம்_கருவாடு:
போன வாரம் தூத்துக்குடிக்குப் போன 40 அட்டைப்பெட்டியில் அடியில் இருந்த 6 நசுங்கிவிட்டன. இனிமேல் பேலட்டில் (அடுக்குகிற மரத்தட்டில்) அடுக்கி, ஸ்ட்ரெச் ரோல் என்ற இழுபடும் பிளாஸ்டிக் பிலிம் சுற்றித்தான் அனுப்ப வேண்டும் என்று வாங்குகிறவர் சொல்லிவிட்டார். எனக்கு மனசு ஒப்பவில்லை. தார்ப்பாயை வருசக்கணக்கில் வைத்து ஓட்டலாம், ரோலை இறக்கிய இடத்திலேயே கத்தியால் கீறி வீசிவிடுகிறார்கள்.

தொண்டி_பேக்கிங்:
அண்ணே, கயிறு பட்ட இடத்தில் மட்டும்தான் அழுத்தும், பெட்டியின் மூலை மடங்கும். பிலிம் நாலு பக்கமும் சமமாகப் பிடிக்கும். எல்எல்டிபிஇ என்ற பிளாஸ்டிக் குருணையை உருக்கி, தட்டை அச்சு வழியாகக் குளிர்ந்த உருளை மேல் இறக்கினால் காஸ்ட் ரகம், கண்ணாடி மாதிரி இருக்கும், சத்தமில்லாமல் பிரியும். வட்ட அச்சில் காற்றூதி பலூனாக எடுத்தால் புளோன், கொஞ்சம் மங்கல், ஆனால் லேசில் கிழியாது. இழுத்துச் சுற்றினால் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், அந்த இழுவைதான் லோடைப் பிடித்து நிறுத்துகிறது. சூடு காட்டிச் சுருக்கும் ஷ்ரிங்க் பிலிம் வேறு, இது வேறு.

பாம்பன்_அலை:
தம்பி, நீங்கள் சொல்வது சரி, ஆனால் அது கிழிந்த பிறகு எங்கே போகிறது? இந்தப் பிலிம் தண்ணீரைவிட லேசு, மிதந்தே போகும். எங்கள் வலையில் ஏறி வருவதை ஈரத்தில் கண்ணால் பார்க்கவே முடியாது, கை வழுக்கினால்தான் தெரியும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-லேயே கடல் தேசியப் பூங்கா ஆக்கியாகிவிட்டது, அதன் வாசலில் உட்கார்ந்துகொண்டு நாம் பேசுகிறோம்.

தொண்டி_பேக்கிங்:
அக்கா, வீசுவது தப்புதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பாதி குப்பை தப்பாகச் சுற்றுவதால் வருகிறது. 23 மைக்ரான் தடிமன் ரோலை இழுக்காமலே எட்டு சுற்று சுற்றுகிறார்கள். நுனியை அடியில் செருகி, பேலட் கட்டையையும் சேர்த்து மூன்று சுற்று, அப்புறம் பாதிக்குப் பாதி மேல்விழுகிற மாதிரி ஏறி, உச்சியில் இரண்டு சுற்று. அவ்வளவுதான். சுற்றுகிற மெஷின் 200 சதவீதம் முன்னமே இழுத்துவிடும், ஒரு மீட்டர் பிலிம் மூன்று மீட்டர் ஆகும். கையால் அந்த அளவு இழுக்க வராது.

கீழக்கரை_லோடு:
இடையில் வருகிறேன். பெட்டி நசுங்கியதற்குக் கயிறும் காரணமில்லை, ரோல் இல்லாததும் காரணமில்லை. கருவாடு முழுசாகக் காயவில்லை, அட்டை ஈரம் குடித்துவிட்டது, ஈர அட்டை மேல்பாரம் தாங்காது. அதன்மேல் பிலிமை இறுக்கிச் சுற்றினால் ஆவி வெளியே போகாது, ராத்திரி குளிரில் உள்பக்கம் முத்து முத்தாக வேர்க்கும், இரண்டே நாளில் பூசணம். கட்டாயம் சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஓட்டை போட்ட பிலிமோ வலை ரோலோ வாங்குங்கள்.

மண்டபம்_கருவாடு:
அண்ணே, பெட்டியைத் தொட்டுப் பார்த்தபோது அடி ஈரமாகத்தான் இருந்தது, நான் மழைத்தூறல் என்று நினைத்தேன். இந்த லோடை இரண்டு நாள் கூடுதலாகக் காயப்போட்டு, பத்துப் பெட்டிக்கு வலை ரோலும் மற்றதற்குக் கயிறும் போட்டு அனுப்பிப் பார்க்கிறேன். ஆனால் ரோலைக் கிழித்து வீசாமல் சுருட்டி லாரியிலேயே திருப்பி அனுப்பச் சொல்லுவேன்.

பாம்பன்_அலை:
திரும்பி வந்தால் சொல்லுங்கள் தம்பி, அதுவரை நான் கயிற்றுப் பக்கம்தான்.