கிழங்கு வைக்கவும் டொர்னேடோவுக்குப் பதுங்கவும் ஒரே குழி: சரிப்படுமா?

செம்மண்காரன்
நாங்கள் இருப்பது ஓக்லஹோமாவில், நார்மனுக்கு வெளியே. அரை ஏக்கர் நிலம். இந்தப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் பேஸ்மென்ட் கிடையாது, எங்களுக்கும் இல்லை. மே மாதம் டொர்னேடோ (சுழல்காற்று) சைரன் ஊதினால் நான், மனைவி, மூன்று வயது மகள் எல்லாரும் பாத்ரூம் தொட்டிக்குள் மெத்தையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு உட்காருவோம். அப்புறம் இன்னொரு வயிற்றெரிச்சல். போன வருடம் தோட்டத்தில் இரண்டு மூட்டை சர்க்கரைவள்ளி எடுத்தோம், ஜனவரிக்குள் பாதி கராஜிலேயே அழுகிவிட்டது.
இப்போது பழைய 20 அடி கன்டெய்னர் ஒன்று மலிவாக வருகிறது. தெரிந்தவரிடம் பேக்ஹோ, அதாவது மண் தோண்டும் இயந்திரம், இருக்கிறது. குழி வெட்டி, கன்டெய்னரை இறக்கி, மேலே இரண்டடி மண் போட்டால் கிழங்கு வைக்கும் நிலவறை (ரூட் செல்லர்) ஆச்சு, பதுங்க ஷெல்டரும் ஆச்சு. செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பீமும் தூணும்
தம்பி, கன்டெய்னரை மட்டும் புதைக்காதீர்கள். நான் டாலஸில் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர். கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்களே என்று நினைப்பீர்கள். அந்தப் பாரம் முழுக்க நான்கு மூலைத் தூண்களில் இறங்குகிறது. கூரையும் பக்கச் சுவரும் மடிப்பு போட்ட மெல்லிய தகடுதான். 160 சதுர அடிக் கூரையில் இரண்டடி மண் என்றால் ஏறத்தாழ 16 டன். மழை பெய்து ஓக்லஹோமா களிமண் ஊதிப் பெருத்தால் பக்கச் சுவர் உள்ளே வளையும்.
இன்னொன்று, மிதப்பு. குழியில் தண்ணீர் முழுதாகச் சூழ்ந்தால் அந்தப் பெட்டியை மேலே தள்ளும் விசை 38 டன் ஒட்டி வரும். உங்கள் பெட்டி இரண்டு டன் சொச்சம், மேல் மண் 16. கணக்கு நீங்களே போடுங்கள்.

துல்சா துரை
எஞ்சினியர் சார் வந்தாலே இப்படித்தான், கொட்டகை போடக்கூட எஞ்சினியர் முத்திரை குத்திய வரைபடம் கேட்பார். கன்டெய்னர் வேண்டாம், அது சரி. ஆனால் இந்த ஊர் விவசாயிகள் எந்த எஞ்சினியரைக் கேட்டு வெட்டினார்கள்? எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அவருடைய அப்பா கட்டிய பழைய கான்கிரீட் செல்லர் இருக்கிறது. இங்கே அதை 'ஃப்ரெய்டி ஹோல்' என்பார்கள், பயந்தாங்கொள்ளிப் பொந்து. எட்டுப் படி இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் பலகைத் தட்டு, அதில் வெண்டைக்காய் ஊறுகாய் ஜாடிகள். கதவின் உள்பக்கம் ஒரு சங்கிலி, அதைத் தரையில் உள்ள கொக்கியில் மாட்டிவிட்டு, இரண்டு பேர் பிடித்துத் தொங்குவார்களாம். ஓக்லஹோமாவில் பெரிய டொர்னேடோக்கள் அடித்த 1999 மே 3 அன்று அவர் குடும்பமே அதற்குள் இருந்திருக்கிறது. ஒரே குழி, இரண்டு வேலை. அதைத்தான் செம்மண்காரன் கேட்கிறார்.

நாகை வாசகன்
மன்னிக்கவும், எனக்கு இது புரியவே இல்லை. புயலுக்கு யாராவது பள்ளத்தில் இறங்குவார்களா? 2018இல் கஜா கரையேறிய ராத்திரி நாங்கள் வேதாரண்யம் பக்கம். மாடி வீடு தேடித்தான் ஓடினோம். எங்கள் கடற்கரைப் புயல் பாதுகாப்பு மையங்களையே தூண் மேல் தூக்கித்தானே கட்டுகிறார்கள்.

பீமும் தூணும்
வாசகன், உங்கள் ஊருக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. அங்கே கடல் ஏறி வரும். இங்கே கடலே இல்லை, வருவது டொர்னேடோ. அகலம் சில நூறு அடி, மிஞ்சினால் ஒரு மைல், அதற்கு மேல் போவது அபூர்வம். சில நிமிடத்தில் கடந்துவிடும், ஆனால் நேராகப் பட்டால் வீட்டின் அஸ்திவாரத் தளம் மட்டும்தான் மிஞ்சும்.
துரை சார், அந்தச் சங்கிலிக் கதை எனக்கும் பிடித்திருக்கிறது. அதுதான் என் பயமும். 2013 மே 20 அன்று மூர் நகரத்தில் அடித்தது இஎஃப்-5, டொர்னேடோ அளவுகோலில் உச்சப் படி. 24 பேர் போனார்கள். அந்த மாதிரிக் காற்றில் மரக்கதவை இரண்டு பேர் பிடித்துத் தொங்கி நிறுத்த முடியாது. லபக்கில், டெக்சஸ் டெக் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், 15 பவுண்டு எடையுள்ள டூ-பை-ஃபோர் கட்டையை, அதாவது வீட்டுச் சட்டத்துக்குப் போடும் மரக்கட்டையை, பீரங்கி மாதிரிக் குழாயில் போட்டு மணிக்கு 100 மைல் வேகத்தில் கதவு மேல் விடுவார்கள். வீட்டுக் கடையில் வாங்கும் கதவைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். அமெரிக்க அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் பி-320 கையேட்டில் மணிக்கு 250 மைல் காற்றுக்கான கான்கிரீட் அறை வரைபடங்கள் இருக்கின்றன, இலவசம். சுவரை நீங்களே கட்டுங்கள், நான் தடுக்கவில்லை. கதவை மட்டும் சோதித்துச் சான்று தந்ததாக வாங்குங்கள்.

பனிக்காட்டு மாமி
எல்லாரும் கதவைப் பற்றியே பேசுகிறீர்கள், கிழங்கை ஒருத்தரும் கேட்கவில்லை! நான் விஸ்கான்சின். பதினோரு வருஷமாக ரூட் செல்லர் வைத்திருக்கிறேன்.
செம்மண்காரன் தம்பி, உங்கள் கிழங்கு அழுகினது பெரும்பாலும் குளிரால். சர்க்கரைவள்ளி வெப்பமண்டலப் பயிர், 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் உள்ளே கட்டை தட்டி, அப்புறம் அழுகும். தோண்டியதும் 85 டிகிரியில், ஈரக்காற்றில் ஒரு வாரம் வைத்து ஆற்ற வேண்டும். தோல் கீறலெல்லாம் ஆறிவிடும். அதன் பிறகு 55 முதல் 60 வரை. இதைச் செய்தீர்களா?
உருளைக்கு 40ஐ ஒட்டி வேண்டும். கேரட், பீட்ரூட் எல்லாம் 32க்குக் கொஞ்சம் மேலே, ஈரம் 90 சதவிகிதத்துக்கும் மேல். வெங்காயம் இவர்களோடு சேராது, அதற்கு உலர்ந்த இடம். ஆப்பிளைக் கேரட் பக்கத்தில் வைத்தால் கேரட் கசக்கும், ஒரு வருஷம் முழுக்கக் கசந்த கேரட் சாம்பார் சாப்பிட்டோம்.
என் அறையில் இரண்டு குழாய். ஒன்று தரையை ஒட்டி முடியும், இன்னொன்று கூரையிலிருந்து மேலே போகும். அக்டோபர் ராத்திரியில் இரண்டையும் திறந்துவிட்டால் கனமான குளிர்காற்று கீழே இறங்கும், வெதுவெதுப்பு மேலே ஏறிப் போய்விடும். விஸ்கான்சின் குளிர் ஓசியில் வேலை செய்கிறது. உங்கள் ஊரில் ஆழத்து மண்ணே ஏறத்தாழ 60 டிகிரி. அங்கே குழி வெட்டி உருளையை வைத்தால் பொங்கலுக்கு முன்னால் முளை விட்டிருக்கும். சர்க்கரைவள்ளிக்கு மட்டும் அந்த 60 அளவெடுத்துத் தைத்த மாதிரி.

துல்சா துரை
பாருங்கள், மாமியே சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியது சர்க்கரைவள்ளிதானே!

பனிக்காட்டு மாமி
அவசரப்படாதீர்கள் துரை. உங்கள் பெரியவர் வைத்திருந்தது சீல் போட்ட ஜாடி. அதற்கு 60 டிகிரி போதும், ஈரமும் வேண்டாம். பச்சைக் கிழங்குக்கு 85 சதவிகித ஈரம் வேண்டும்.

பீமும் தூணும்
அந்த ஈரம்தான் சிக்கல். ஷெல்டர் கதவில் மூன்று தாழ்ப்பாள் எஃகில் இருக்கும். வருடம் முழுக்க ஈரக்காற்றில் இருந்தால் துரு. ஏப்ரலில் இழுத்தால் நகராது. மாமியின் இரண்டு குழாய்களும் தரைக்கு மேலே பிவிசியில் நீட்டிக்கொண்டிருந்தால், முதல் கட்டை பட்டதும் ஒடிந்து போகும். அந்த ஓட்டை வழியாக என்ன வேண்டுமானாலும் உள்ளே வரும். எஃகு மூடி போடலாம், செலவு ஏறும். அப்புறம், அக்டோபரில் நிரப்பிய கூடைகள் மே மாதம் காலியாகியிருக்குமா? உட்கார இடம் வேண்டுமே.

செம்மண்காரன்
மாமி, ஆற்ற வைக்கவில்லை. மண்ணைத் துடைத்துச் சாக்கில் போட்டு நேராகக் கராஜ். இப்போதுதான் உறைக்கிறது.
கன்டெய்னரை விட்டுவிட்டேன். கான்கிரீட் பிளாக் வைத்து, கம்பி கட்டி, ஓட்டைகளை நிரப்பி, எட்டுக்கு எட்டு ஒரு அறை. குறுக்கே சுவர் வைத்து ஒரு பக்கம் கிழங்கு, மறுபக்கம் நாங்கள். துரை அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஒரே தடவை தோண்டலாமே.

ராஜி
நான் மூரில் இருக்கிறேன். 2013இல் எச்சரிக்கை 2:40க்கு வந்தது, டொர்னேடோ தரையைத் தொட்டது 2:56க்கு. பதினாறு நிமிடம், அதுவே நல்ல அவகாசம். தோட்டத்து மூலைக்கு ஆலங்கட்டி மழையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பாருங்கள் தம்பி. எங்களுடையது கராஜ் தரைக்குக் கீழே பதித்த எஃகுப் பெட்டி, இழுவைக் கதவு. கார் மேலேயே நிற்கும். ஒரே நாளில் வைத்துவிட்டுப் போனார்கள். அழகே கிடையாது, ஆறு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். எந்த இடத்தில் இருக்கிறது என்று நகராட்சியில் பதிந்தும் வைத்திருக்கிறோம், வீடு மேலே விழுந்தால் எங்கே தோண்டுவது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா. கிழங்குக்குத் தனியாக ஒரு சின்னக் குழி வெட்டுங்கள், அது இடிந்தாலும் நஷ்டம் கிழங்கு மட்டும்தான்.

துல்சா துரை
ராஜி அக்கா சொன்னால் மறுக்க முடியாது. ஆனாலும் கராஜ் பெட்டியில் நேரே நிற்கக்கூட முடியாது, எனக்கு அது சவப்பெட்டி மாதிரி.

பீமும் தூணும்
எட்டுக்கு எட்டு கட்டுவதானாலும் ஒன்று செய்யுங்கள். தோண்டுவதற்கு முன் 811க்குப் போன் பண்ணுங்கள், மண்ணுக்கடியில் ஓடும் குழாய், கம்பிகளை வந்து அடையாளம் போட்டுவிட்டுப் போவார்கள். காசு வாங்க மாட்டார்கள். குழிக்குள் ஆள் இறங்குவதற்கு முன் பக்கச் சுவரைச் சரிவாக வெட்டுங்கள். ஒரு கன கஜம் மண்ணே 3,000 பவுண்டு ஒட்டி வரும், சரிந்தால் கத்தக்கூட நேரம் இருக்காது.

செம்மண்காரன்
போன் பண்ணினேன், நேற்று வந்து கொடி நட்டுவிட்டுப் போனார்கள். நான் வெள்ளை பெயின்ட்டில் போட்ட சதுரத்தின் நடுவே, மூலைக்கு மூலை, ஐந்து மஞ்சள் கொடி. மகள் இரண்டைப் பிடுங்கி விளையாட எடுத்து வந்தாள், திரும்ப அதே ஓட்டையில் நட்டேன்.

ராஜி
மஞ்சள் என்றால் கேஸ் லைன். பேக்ஹோக்காரருக்குச் சொல்லிவிட்டீர்களா?

செம்மண்காரன்
சொல்லிவிட்டேன் அக்கா. அவர் சனிக்கிழமை காலையே வருவதாக இருந்தார்.